குவார்ட்டர்ஸ் வாசலில் பறித்த தழை

போன வாரம் நெய்வேலி ஆர்ச் கேட்டில் பஸ்ஸுக்கு நின்றபோது, சிமெண்ட் தொட்டிகளிலிருந்து அந்த மஞ்சள் பூக்கொடி வழிந்து கிடந்தது. கை சும்மா இருக்குமா? ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்தேன். வெறும் பச்சை வாடைதான். ஆனால் பஸ்ஸை விட்டுவிட்டேன்.

அந்தக் கொடியை இந்த ஊரில் நட்டவர்களில் நானும் ஒருவன். எட்டாம் வகுப்போடு நின்று, லாரி கிளீனர், முந்திரித் தோப்புக் காவல், பரோட்டாக் கடை என்று சுற்றி, நெய்வேலியில் காண்ட்ராக்ட் தோட்ட வேலைக்குச் சேர்ந்திருந்தேன். குவார்ட்டர்ஸ் வாசல்களில் அழகுக்கு அதை நடுவோம். ஒரு துண்டு ஒடித்துப் போட்டால் வேர் விட்டுவிடும். அந்த விஷயத்தில் எனக்கு நேர் எதிர்.

எங்களோடு வேலை செய்த செல்வி அக்கா வளையமாதேவிப் பக்கம். அவர் கணவருக்குக் காமாலை கண்டது. மஞ்சள் கரிசலாங்கண்ணியை அரைத்து மோரில் கொடுத்தால் இறங்கும் என்பது அக்காவின் நம்பிக்கை. ஈரம் வற்றாத வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் தரையோடு படர்கிற செடி அது. பூ சட்டைப் பொத்தான் அளவுதான். கோடையில் காய்ந்தாலும் தண்ணீர் வந்ததும் தளிர்க்கும்.

“எங்கூரு வாய்க்கா கரையில பாயி விரிச்சாப்புல கெடக்கும் தம்பி. அவரப் பாத்துக்கினு என்னால போவ முடியல. ஒங்கிட்ட சைக்கிள் இருக்குதுல்ல?”

“நாளைக்கே கொண்டாரேன்க்கா.”

மறுநாள் நல்ல வெயில். அவ்வளவு தூரம் மிதிக்கச் சோம்பல். டீ குடித்துவிட்டு, நாங்கள் நட்ட கொடியிலேயே ஒரு பை பறித்தேன். இதுவும் மஞ்சள் பூ, இதுவும் படர்வதுதானே.

அக்கா இலையைத் திருப்பிப் பார்த்தார். “இன்னாடா, தடிச்சிகினு மூணா பிரிஞ்சி இருக்குது?”

“மைன்ஸ் தண்ணி பாயுதுல்லக்கா, கொழுத்துப்போச்சு.”

“தழகூட பர்மனென்ட் ஆயிடிச்சா? நம்மளத்தான் ஆக்க மாட்டேங்கறானுங்க” என்று சிரித்தார்.

ஐந்து நாள் அரைத்துக் கொடுத்தார். ஆறாம் நாள் அக்காவின் கணவர் நினைவு தப்பி விழுந்தார். ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். மிச்சத் தழையைப் பார்த்த நர்ஸ், “இது எங்க வீட்டு வாசல்ல இருக்கற அழகுச் செடி டாக்டர்” என்றார்.

“முதல் நாளே இங்க வந்திருக்கணும். யாரும்மா இதப் பறிச்சுக் குடுத்தது?”

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார்: “நாந்தாங்க. தெரியாமப் பறிச்சிட்டேன்.”

நான் ஃபிளாஸ்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன்.

சரியான தழையாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்கு வந்துதான் ஆகவேண்டும் என்று பல வருடமாக எனக்கே சொல்லிப் பார்க்கிறேன். ஒட்டவில்லை. அந்த வாய்க்கால் கரைக்கு நான் போயிருந்தால் அங்கே யாரையாவது கேட்டாவது பறித்திருப்பேன்.

அக்காவின் கணவர் பிழைத்துக்கொண்டார். வேலைக்குத் திரும்பிய அன்று அக்கா எப்போதும்போல டிபனில் பாதியை என் பக்கம் தள்ளினார். கை கழுவுகிற சாக்கில் எழுந்துபோனேன். அந்த வாரமே யாரிடமும் சொல்லாமல் திருப்பூர் போய்விட்டேன்.

பஸ்ஸை விட்ட அன்று ஆட்டோ பிடித்து அந்த வாய்க்காலைத் தேடிப் போனேன். கரை இருந்த இடத்தில் வெட்டிய மண் மேடாகக் கிடந்தது. அதற்கு அப்பால் சுரங்கப் பள்ளம். ஆடு ஓட்டிவந்த ஒருவரிடம் செல்வி அக்காவைக் கேட்டேன்.

“எடத்தக் குடுத்துட்டு எங்கியோ போயிட்டாங்களே. நீங்க அவங்களுக்கு இன்னா வேணும்?”

தம்பி என்று சொல்ல வாயெடுத்தேன். ஒரே ஊரில் வேலை பார்த்தோம் என்றேன்.