என் ஓரகத்தி டாக்டரிடம் சொன்னது

மூன்று வருடங்களுக்கு முன்பு, மழைக்காலம் தொடங்கப் போகும் சமயம். பழவேற்காட்டை அடுத்த லைட்ஹவுஸ் குப்பத்தில் எங்கள் வீடு. பக்கத்து வீடு என் ஓரகத்தியுடையது, அதாவது என் கணவருடைய அண்ணன் மனைவி. இரண்டு வீட்டுக்கும் சமையல் தனி, கருவாடு காயவைக்கும் இடம் தனி. கக்கூஸ் மட்டும் ஒன்று, பின்பக்கம் தகரக் கதவு போட்டது. எங்களுக்குள் நடந்த சண்டைகளில் பாதி அந்தக் கதவுக்கு முன்னால்தான் நடந்திருக்கும்.

எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. காலையில் ஒரு முறை போய்விட்டு வந்தால் முடிந்தது என்று இருந்த உடம்பு, திடீரென்று மாறிப்போனது. போய்விட்டு வந்தாலும் இன்னும் பாக்கி இருப்பது போலவே இருக்கும். மறுபடி போவேன், ஒன்றும் வராது. சில நாள் பேதி, சில நாள் ஒன்றுமே இல்லை. நடுநடுவே ரத்தமும் தெரிந்தது. சூடு என்று நினைத்து மோர் குடித்தேன். காரத்தைக் குறைத்தேன். அப்புறம் மூலமாக இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டு பழவேற்காடு மெடிக்கல் ஷாப்புக்குப் போனேன். கடைக்காரரிடம் எனக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. "எங்க வூட்டுக்காரருக்கு மூலம்" என்று சொல்லிக் களிம்பு வாங்கி வந்துவிட்டேன்.

அதிலிருந்து கரையில் வலை பிரித்துக்கொண்டிருக்கும் என் கணவரைப் பார்க்கிறவர்கள் எல்லாம், "உக்கார முடியுதாப்பா?" என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். ஒருவர் துண்டைச் சுருட்டி உட்காரப் போட்டுக் கொடுத்தாராம். என் கணவருக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்கு வந்து என்னிடம், "இன்னா ஆச்சு இந்த ஊருக்கு?" என்று கேட்டார். நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

இப்படி இரண்டு மாதம் ஓடியது. வீடு வீடாக வந்து சுகர், பிரஷர் பார்க்கும் பெண் ஒருத்தி ஒரு நாள் எங்கள் வாசலில் உட்கார்ந்து என் ஓரகத்தியின் கையில் பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் முன்புதான் எங்களுக்குள் கக்கூஸ் சண்டை முடிந்திருந்தது. அந்தச் சூடு ஆறாமல் இவள் அந்தப் பெண்ணிடமே வழக்கைக் கொண்டுபோனாள்.

"நீயே நியாயம் சொல்லும்மா. ஒரு தபா போய்ட்டு வர்றவ, அஞ்சு நிமிசத்துல மறுபடி பக்கெட்ட தூக்கினு நிக்கறா. ரெண்டு மாசமா இதே கூத்து. எங்க வூட்டுக்காரரு கடலுக்குப் போறதா, இங்க கதவாண்ட நிக்கறதா?"

அந்தப் பெண் பட்டையை அமுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "ரெண்டு மாசமாவாக்கா? ரத்தம் எதுனா வருதா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதுவே பதிலாகிவிட்டது. என் ஓரகத்தியின் குரல் அப்படியே இறங்கியது. "ரத்தமாடி வருது? ஏன் சொல்லல?"

பயப்பட வேண்டாம், ரத்தம் வந்தால் பெரும்பாலும் மூலம்தான், ஆனால் போகும் பழக்கமே வாரக்கணக்கில் மாறி, ரத்தமும் வந்து, உடம்பும் இளைத்திருந்தால் நாமே மூலம் என்று முடிவு செய்துகொள்ளக் கூடாது, டாக்டர் பார்த்தே ஆகவேண்டும் என்றாள் அந்தப் பெண். அன்று பிரஷர் ஏறியிருந்தது என்னவோ என் ஓரகத்திக்குத்தான்.

நானாக இருந்தால் போயிருக்க மாட்டேன். மறுநாள் காலை இவள் நல்ல புடவை கட்டிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் என் மகன் வயதுப் பையன். அவரிடம் போய் இதை எப்படிச் சொல்வது? "வயிறு கொஞ்சம் மந்தமா கீது சார்" என்றேன்.

"பொய் சொல்றா சார்" என்றாள் பின்னால் நின்ற என் ஓரகத்தி.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். எத்தனை முறை போகிறேன், எப்போதெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறேன், மீன் ஐஸ் பெட்டியைத் தனியாகத் தூக்கியவள் இப்போது குடம் தூக்கினாலே மூச்சு வாங்குவது, ரவிக்கையை இரண்டு தடவை பிடித்துத் தைத்தது, இரண்டு வாய்க்கு மேல் சோறு இறங்காதது. நான் மறைத்துவிட்டதாக நினைத்த ஒவ்வொன்றும் அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் சொல்லச் சொல்ல, வெட்கம் போய், நான் திரும்பி அவள் முகத்தையே பார்த்தேன்.

டாக்டர் எழுதுவதை நிறுத்தி, "இவங்க உங்க அக்காவா?" என்று கேட்டார்.

"ஓரகத்தி" என்றோம் இரண்டு பேரும் ஒரே சமயத்தில். அவர் சிரித்துவிட்டார்.

நர்ஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பரிசோதித்தார். ரத்தத்தைச் சோதித்ததில், உடம்பில் ரத்தம் ரொம்பக் குறைவாக இருந்தது. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே ஆசனவாய் வழியாகக் குழாய் விட்டு, உள்ளே கேமராவில் பார்ப்பார்களாம். அதற்கு முன்பு குடல் சுத்தமாக இருக்க வேண்டும் என்று தண்ணீரில் கலக்கிக் குடிக்க ஒரு பொடி கொடுத்தார்கள்.

அந்தப் பொடியைக் குடித்த நாளை எங்கள் குப்பம் மறக்காது. என் ஓரகத்தி தகரக் கதவுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். "இன்னிக்கு இது அவளுது. நீங்கல்லாம் வேற எடம் பாருங்க" என்று இரண்டு வீட்டு ஆம்பளைகளையும் திருப்பி அனுப்பினாள். அவள் கணவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு லைட்ஹவுஸ் பக்கம் ஓட்டமாகப் போனதைப் பார்த்து, அந்த நிலைமையிலும் நான் உள்ளே உட்கார்ந்து சிரித்தேன்.

மறுநாள் சென்னைக்குப் போகும்போதும் பொடியின் வேகம் அடங்காமல், வழியில் திருப்பாலைவனம் ஊரைத் தாண்ட முடியவில்லை. இவள் வண்டியை நிறுத்தச் சொல்லி, முன்பின் தெரியாத ஒரு வீட்டுக்குள் புகுந்து, "வூட்ல பாத்ரூம் கீதாம்மா?" என்று கேட்டாள். களத்தில் நெல் கிளறிக்கொண்டிருந்த அந்த அம்மா ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. கை காட்டிவிட்டு, நான் வெளியே வரும்போது சோப்பும் தண்ணீரும் வைத்துக்கொண்டு நின்றார்.

பெருங்குடலில், கீழ்ப்பகுதியில், கட்டி இருந்தது. புற்றுநோய் என்று சொன்ன அன்று எங்கள் இரண்டு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. என் கணவர் என் கையை விடவே இல்லை. ஆனால் வேறு எங்கும் பரவவில்லை, வெட்டி எடுத்துவிடலாம், சீக்கிரமே வந்துவிட்டீர்கள் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அந்தச் 'சீக்கிரமே' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான் ஆபரேஷனுக்குப் போனேன்.

ஆபரேஷன் முடிந்த பிறகு டாக்டர்கள் வரும்போதெல்லாம் ஒரே கேள்விதான். காற்று பிரிந்ததா? பிரிந்தால் குடல் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தமாம். என் ஓரகத்தி கட்டில் பக்கத்திலேயே காத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் சாயங்காலம் அது நடந்தது. வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கை தட்டினாள். உடனே ஊரில் இருந்த தன் கணவருக்குப் போன் போட்டு, "காத்து வந்துடுச்சு" என்றாள்.

அவர் கரையில் படகுப் பக்கத்தில் நின்றிருக்கிறார். "இன்னா காத்து? வாடையா, கச்சானா?" என்று கேட்டிருக்கிறார். வடக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வீசும் காற்றைத்தான் எங்கள் ஆட்கள் அப்படிச் சொல்வார்கள். தையல் வலிக்க வலிக்க நான் சிரித்தேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணும் சிரித்தாள். விஷயம் புரிந்ததும் அவர் கரையில் இருந்த எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாராம்.

அதன் பிறகு சில மாதம் மருந்து ஏற்றினார்கள். அது கஷ்டமான காலம்தான், ஆனால் முடிந்தது. இப்போதும் அவர்கள் சொல்கிற நாளில் போய்க் காட்டிவிட்டு வருகிறேன். ஐஸ் பெட்டியைத் தனியாகத் தூக்குகிறேன். எனக்கும் என் ஓரகத்திக்கும் வாரத்துக்கு ஒரு சண்டையாவது தவறாமல் நடக்கிறது.

போன மாதம் பக்கத்துக் கிராமமான தோணிரேவிலிருந்து கருவாடு வாங்க வந்த ஒரு பெண், மற்றவர்கள் போகும் வரை காத்திருந்து, தனக்கும் ரத்தம் வருவதாக மெதுவாக என்னிடம் சொன்னாள். நாங்கள் இரண்டு பேரும் அவளை டாக்டரிடம் கூட்டிப்போனோம். எல்லாம் பார்த்துவிட்டு, அவளுக்கு வெறும் மூலம்தான் என்று சொன்னார்கள். வெளியே வந்து அவள் சிரித்த சிரிப்பில் நாங்களும் சேர்ந்துகொண்டோம்.

நான் சொல்லக் கூசியதை எனக்காகச் சத்தம் போட்டுச் சொல்ல பக்கத்து வீட்டிலேயே ஒருத்தி இருந்தாள். எல்லோருக்கும் அப்படி ஒருத்தி வாய்ப்பதில்லை என்பதால்தான் கூச்சத்தை விட்டு இதை எழுதியிருக்கிறேன்.