வீட்டுக்கு ஒரு நல்ல டோட்டரு

எனக்குச் சத்தம் ஜாஸ்தி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; பின்னால் வேறு யாராவது வந்து உங்களிடம் கோள் மூட்ட வேண்டாம். அடுக்களையில் நின்று நான் “உப்பு” என்றால் வயலில் நிற்கிற அப்பா திரும்பிப் பார்ப்பார். இந்தத் தொண்டையால் எனக்கு வந்த ஒரு சம்பந்தம் ஏற்கெனவே கலைந்து போயிருந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் உள்ளே உட்கார்ந்திருந்த நேரம் பார்த்துத் தொழுவத்துப் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. நான் பட்டுச் சேலையும் பிச்சிப்பூவுமாக நின்ற இடத்திலிருந்தே ஒரு அதட்டு அதட்டினேன். பசு நின்றுவிட்டது. மாப்பிள்ளை எழுந்துவிட்டார்.

அப்போது எங்கள் ஊர் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. ஆபீஸ் உத்தியோகம் என்றால் திருவனந்தபுரம்தான். அடுத்து வந்த சம்பந்தமும் அங்கே ஒரு சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. தரகர் வந்து ஜாதகம் நீட்டியபோது அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தெரியாத ஒரு காரியம் எனக்குத் தெரியும். அந்த மாப்பிள்ளையை நான் பார்த்திருந்தேன். சுசீந்திரம் தேரோட்டத்தில், வடம் பிடிக்கிற அவசரத்தில் முன்னால் நின்ற ஒரு கனத்த மனுஷருடைய மேல்துண்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். சுற்றி நின்றவர்கள் கத்திய பிறகுதான் கையைப் பார்த்தார். பார்த்ததும் வேறு யாரும் சிரிப்பதற்கு முன்னால் தாமே சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று; யார் வீட்டுப் பையன் என்று அங்கேயே விசாரித்துக்கொண்டேன். கட்டினால் இவரைத்தான் என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டுவிட்டேன்.

அம்மா ஒரே வரியில் சட்டம் போட்டாள்.

“ஏட்டி, தாலி ஏறுது வரைக்கும் உனக்க சத்தம் தொண்டைக்குழிய விட்டு வெளிய வரப்பிடாது. கேட்டியா?”

கேட்டேன். அன்றிலிருந்து பூனை நடக்கிற சத்தத்தில் பேசினேன். பசுவிடம்கூடக் காதோடு காதாகத்தான் பேசினேன். அது என்னை மதிக்கவே இல்லை.

இந்த இடத்தில்தான் தரகர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் ஒன்று சொன்னார். “ஓய், மாப்பிளைக்குக் காலத்த இட்லி, தோசை ஒண்ணும் செல்லாது பாத்துக்கிடும். மொரிச்ச ரொட்டிதான். துரைமாரு கணக்கா.”

அப்பா ஆடிப்போனார். எங்கள் ஊரில் ரொட்டி என்றால் காய்ச்சல். நெய்யூர் ஆசுபத்திரியில் படுத்துக் கிடப்பவர்களுக்குப் பாலில் முக்கிக் கொடுக்கிற பண்டம் அது. நல்ல உடம்போடு இருப்பவன் அதைத் தின்பான் என்பதே அவருக்குப் புதுச் செய்தி. இருந்தாலும் அடுத்த வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிற மாப்பிள்ளைக்கு மொரித்த ரொட்டி கொடுக்காவிட்டால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? ரொட்டி மொரிக்கிற மிஷினுக்கு டோஸ்டர் என்று பெயர் என்பதையும் தரகரே சொல்லிக்கொடுத்தார். அப்பாவின் வாயில் அது டோட்டரு என்று ஆயிற்று.

கவனியுங்கள். எங்கள் பக்கம் பாதி மலையாளம் கலந்த பேச்சு. டாக்டரை டோக்டர் என்போம். வெற்றிலை போட்ட வாயால் அவசரமாகச் சொன்னால் அதுவும் டோட்டருதான். என் அழிவு அங்கேதான் ஆரம்பித்தது.

அப்பா நெல் வயல்காரர். அவருக்குத் தெரிந்த ஒரே வாங்கல் மாடு வாங்குவதுதான். ஊரில் நாலு பேரிடம் விசாரிக்காமல் எதையும் வாங்க மாட்டார். வாய்க்கால் கரையில், வெற்றிலைக் கடையில், உரக்கடையில், எதிரே கண்ட ஆளிடமெல்லாம் கேட்டார். “ஓய், வீட்டுக்கு ஒரு நல்ல டோட்டரு வேணும். நம்பிக்கையா இருக்கணும். பொண்ணு காரியம் பாத்துக்கிடும், வெளிய சொல்லாதேயும்.”

சொல்லாமல் இருப்பார்களா?

நாகர்கோவில் கடையில் புதிதாக ஒன்று இருந்தது. பளபளவென்று முகம் பார்க்கலாம். அப்பா அதைத் தூக்கிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், நாலு காலும் தரையில் பதிகிறதா என்று குனிந்து பார்த்தார். “ரொம்ப மினுக்குது, வேலை செய்யாது” என்று வைத்துவிட்டார். மினுக்குகிற காளை ஏருக்கு ஆகாது என்பது அவர் கணக்கு. இன்னொன்று, குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டத்தை விட்டுச் சீமைக்குக் கிளம்பிய வெள்ளைக்காரத் துரையின் சாமான்களோடு ஏலத்துக்கு வந்தது. பழசு. நல்ல கனம். இரண்டு பக்கமும் சின்னக் கதவு. கதவுக்கு ஒரு துண்டு ரொட்டி சாய்த்து வைத்தால் உள்பக்கம் மட்டும் மொரியும். பிறகு கதவைத் திறந்து திருப்பி வைக்க வேண்டும். கவனிக்காவிட்டால் கரியும். அப்பாவுக்குக் கனம் பிடித்துவிட்டது. அதைச் சாக்கில் போட்டு வைக்கோல் சுற்றி, மாட்டு வண்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

கரண்டு எங்கள் வீட்டுக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. “அந்தச் சவத்த அடுக்களைக்குள்ள கொண்டுவரப்பிடாது” என்று அம்மா சொல்லிவிட்டதால், நடு அறையில் நெல் பத்தாயத்தின் மேல் அதைக் குடியேற்றினார்கள். முதல் ரொட்டியை வைத்ததும் வீட்டிலுள்ள பல்பெல்லாம் மங்கின. அப்பா கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாக நின்றார். ரொட்டி ஒரு பக்கம் கரியாகி மறுபக்கம் பச்சையாக வந்தது.

அவர் கொல்லைக் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டே அம்மாவிடம் புலம்பினார். கிணறு எங்களுக்கும் அடுத்த வீட்டு அத்தைக்கும் பொது. நடுவில் மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் அத்தை வாளியை இறக்கியபடி அசையாமல் நின்றிருக்கிறாள்.

“ஒரு பக்கம் முழுக்கக் கரிஞ்சு போச்சுட்டி. மத்தப் பக்கம் வெளுத்துப் போய்க் கெடக்கு.”

“வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாவுமா?”

“பக்கத்திலயே இருந்து பாத்துக்கிட்டா கொஞ்சம் தாக்குப் பிடிக்கும். நாவர்கோயில் டோட்டரு ரெண்டு பக்கமும் ஒண்ணுபோலப் பாக்குமாம். நான்தான் வெள்ளைக்காரனுக்குள்ளத நம்பிட்டேன்.”

போதாதா? அத்தை கணக்குப் போட்டுவிட்டாள். நாகர்கோவிலிலிருந்து பஸ்ஸில் ரொட்டி வருகிறது. வீடு முழுக்க டோட்டரு பேச்சு. பெண்ணுக்குச் சத்தமே வெளியே வரவில்லை. மார்பில் ஒரு பக்கம் கரிந்து, மறுபக்கம் வெளுத்துப் போயிற்று. சயரோகம்தான், வேறென்ன?

மறுநாளே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஆரஞ்சு வந்தது, பார்லி வந்தது, ஒரு புண்ணியவதி ஆட்டுக்கால் சூப்புக்கு ஆள் சொல்லிவைக்கட்டுமா என்று சைவ வீட்டில் வந்து கேட்டாள். வந்தவர்கள் எல்லாரும் மூன்றடி தள்ளியே உட்கார்ந்தார்கள். “எனக்கு ஒண்ணுமில்ல” என்று அம்மா சட்டப்படி மெல்லச் சொன்னேன். “பாவம், மூச்சுக்கூட எடுக்க முடியல்ல” என்று மூக்கைச் சிந்தினார்கள். அப்பா வாசலில் நின்று “யாருக்கும் ஒண்ணுமில்ல ஓய், டோட்டரு வந்தாச்சு, அவ்வளவுதான்” என்று எல்லாருக்கும் விளக்கினார். அவர் விளக்க விளக்க ஆரஞ்சு கூடிக்கொண்டே போயிற்று.

இந்தப் பேச்சு மாப்பிள்ளை வீட்டுக் காதில் விழுந்தால் சம்பந்தம் போயிற்று. தேர்வடத்துக்குப் பதிலாக மேல்துண்டை இழுக்கிற மனுஷன் எனக்கு இன்னொருத்தர் எங்கே கிடைப்பார்? இரண்டு நாள் அடுக்களை மூலையில் சத்தமில்லாமல் அழுதேன். சத்தமில்லாமல் அழுவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது.

வியாழக்கிழமை மத்தியானம். அப்பா வயலில். அம்மா களத்தில் நெல் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் மறுநாளைக்காகப் பத்தாயத்தருகே ரொட்டி மொரித்துப் பழகிக்கொண்டிருந்தேன். முன்பின் பார்த்திராத ஒரு அம்மாள் கையில் ஆரஞ்சுப் பொதியோடு உள்ளே வந்தாள். மூன்றடி தள்ளி உட்காரவில்லை. நேரே என் முகத்துக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் வாயையே உற்றுப் பார்த்தாள்.

“ஒடம்பு எப்பிடி இருக்கு மக்கா?”

“எனக்கு ஒண்ணுமில்ல” என்றேன், மெல்ல.

அவள் இன்னும் நெருங்கி வந்து, “என்ன?” என்றாள்.

“ஒண்ணுமில்ல.”

தலையைச் சாய்த்து, காதை என் மார்பு வரைக்கும் கொண்டுவந்தாள். மூச்சு இழுக்கிறதா என்று பார்க்கிறாளாம்! “என்ன சொல்லுக? கேக்கல்ல” என்றாள்.

அவ்வளவுதான். சட்டமும் போயிற்று, சம்பந்தமும் போயிற்று, தேரும் போயிற்று என்று எழுந்தேன்.

“எனக்கு ஒரு எளவும் இல்ல! சயமும் இல்ல, சளியும் இல்ல! நாளைக்குப் பொண்ணு பாக்க வாறவருக்கு ரொட்டி மொரிக்க வாங்கின மிஷின் இது! டோக்டர் இல்ல, டோஸ்டர்! டோஸ்..டர்! இதுக்குத்தான் ஒரு பக்கம் கரியுது, எனக்கில்ல! ஊருல உள்ளவ எல்லாம் ஆரஞ்சு கொண்டாந்து என் கல்யாணத்தக் கெடுத்தாச்சு! அந்த மனுஷன நான் எவ்வளவு ஆசப்பட்டு வச்சிருந்தேன் தெரியுமா? இந்தா, தின்னு பாரும்!”

கரிந்த ரொட்டியை அவள் கையில் திணித்தேன். எதிர்வீட்டு நாய் குரைத்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் வாளி தொப்பென்று கிணற்றில் விழுந்தது.

அந்த அம்மாள் ரொட்டியை நிதானமாகக் கடித்தாள். மென்றாள். முகம் கோணிற்று. “இதயா என் மவனுக்குக் குடுக்கப் போற?” என்றாள்.

மாப்பிள்ளையின் அம்மா! பத்தாயத்தைப் பிடித்துக்கொண்டேன்.

“அவன் ரொட்டி தின்னுது ஆசையிலயா? அங்க சமைச்சுப் போட ஆளில்லாம. வீட்டுக்கு வந்தா பழங்கஞ்சியும் காணத் தொவையலும் போதும் அவனுக்கு. சம்பந்தம் வேண்டாம்னு சொல்லிட்டுப் போவத்தான் நான் வந்தேன் மக்கா. அதுக்கு முந்தி உன்ன ஒரு கண்ணு பாத்திருவோம்னு உள்ள வந்தேன்.”

நான் தலை குனிந்துகொண்டேன். வாய் இருக்கிறதே, இதை வைத்துக்கொண்டு வேறென்ன கிடைக்கும்?

அவள் என் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள்.

“எனக்குச் செவி மந்தம். மூணு வருஷமாச்சு. இவனுக்குன்னு எத்தன பிள்ளைய பாத்தாச்சு, எல்லாம் அடக்க ஒடுக்கமா வாயசைக்கும். ஒண்ணு சொன்னதுகூட எனக்குக் கேக்கல்ல. ஆமா ஆமான்னு தலையாட்டிட்டு வீட்டுக்குப் போயி அழுவேன், வாறவளும் இப்பிடித்தான் என்னத் தனியா இருத்திருவாளோன்னு. நீ சொன்னதுல ஒரு வாக்கு விடாமக் கேட்டுது.”

அதற்குள் என் சத்தம் கேட்டு அம்மா களத்திலிருந்து அலறியடித்து ஓடி வந்து வாசலில் நின்றாள். வந்திருப்பது யார் என்று அவளுக்குத் தெரியாது. வாயில் விரலை வைத்து, “ஏட்டி, மெல்லப் பேசு” என்றாள்.

“என்ன சொல்லுகாவ?” என்று அந்த அம்மாள் என்னைக் கேட்டாள்.

நான் குனிந்து அவள் காதருகே கத்தினேன். “மெல்லப் பேசணுமாம்!”

“வேண்டாம்னு சொல்லு” என்றாள் என் மாமியார்.