பதில் போடாத வீடு

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு மார்கழி மாதம் நடந்தது இது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, வவுணதீவுப் பக்கம் எங்கள் வீடு. என் கணவர் உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் பாயும் வட்டையில், அந்த வயல்வெளியில், வேளாண்மை செய்கிறார். பயிர் வளர்ந்து நிற்கும் காலத்தில் யானைக்குப் பயந்து இரவெல்லாம் வயலில் வாடி என்ற சின்னக் குடிசையில் காவல் இருப்பார். பகலில் அங்கேயே பாயைப் போட்டுத் தூங்குவார்.

வாடியில் கரண்ட் கிடையாது. ஆகவே காவலுக்குப் போகிறவர்கள் பட்டன் போன்தான் கொண்டுபோவார்கள். பெரிய போன் வீட்டில் எங்களிடம் இருக்கும். குளம் நிரம்பி வான்கதவு திறக்கப் போகிறார்கள் என்றால், வயல் தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும் வட்டை விதானையார் வாட்ஸ்அப் குழுவில் பேசிப் போடுவார். அதைக் கேட்டதும் நாங்கள் வயலுக்குப் போன் எடுத்துச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு ‘சொல்லியாச்சு’ என்று குழுவில் போட வேண்டும். இதுதான் எங்கள் ஏற்பாடு.

அப்போது எனக்கு இந்தியத் தொலைக்காட்சியின் பாட்டுப் போட்டி ஒன்றில் பைத்தியம். ஒருநாள் திடீரென்று ‘இந்த நிகழ்ச்சி உங்கள் நாட்டில் கிடைக்காது’ என்று வந்துவிட்டது. விடுவேனா நான்? என்னோடு தையல் வேலை செய்யும் ஒருத்தி, விபிஎன் என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டால் நம் போன் இந்தியாவில் இருப்பதுபோலக் காட்டும், நாம் என்ன பார்க்கிறோம் என்று ஒருவரும் எட்டிப்பார்க்க முடியாது என்றாள். இலவசமாகக் கிடைத்த ஒன்றை இறக்கினேன். உள்ளே போய், பாதுகாப்பு என்று எழுதியிருந்த எல்லாவற்றையும் தட்டி ‘ஆன்’ செய்துவிட்டேன். ‘விபிஎன் இல்லாத நேரம் இணையத்தை நிறுத்து’ என்பதும் அதில் ஒன்று. பாதுகாப்பு கூடினால் நல்லதுதானே என்று நினைத்தேன். ஓயாமல் விளம்பரம் காட்டித் தொல்லை செய்ததால் அதன் அறிவிப்புகளையும் நிறுத்திவிட்டேன்.

அன்று மதியம் சாப்பாட்டோடு பாட்டுப் போட்டியைப் பார்த்து முடித்துவிட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்தேன். எங்கள் ஊரில் ஒரு தூறல்கூட இல்லை, மேற்கே குளத்துப் பக்கம் கொட்டியது எனக்குத் தெரியாது. போன் பக்கத்தில்தான் கிடந்தது. சிக்னல் முழுதாக இருந்தது. அது சத்தமே போடாததில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம், தைப்பதற்கு வசதியாகப் போயிற்று.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்.

“என்னகா, உன்ட மனிசன் வந்திட்டாரா? குளத்துக் கதவெல்லாம் துறந்திட்டாங்களாமே!”

“இல்லையே அக்கா, குழுவில ஒண்டும் வரல்லயே” என்றபடி போனை எடுத்தேன். உண்மையிலேயே ஒன்றும் வரவில்லை. அக்கா காட்டிய போனில் மட்டும் குழுச் செய்திகள் வரிசையாக இருந்தன. விபிஎன் போட்டால் திரையின் மேலே வரும் சின்னச் சாவி அடையாளம் கண்ணில் பட, விபிஎன்னைத் திறந்தேன். ‘இன்றைய இலவச அளவு முடிந்தது’ என்று நின்றது. பாட்டுப் போட்டி அவ்வளவையும் குடித்துவிட்டது. விபிஎன் நின்றதும் நான் தட்டிவிட்ட பாதுகாப்பு, போனுக்கு எதுவும் வராமல் அடைத்திருக்கிறது.

அதை அழித்ததுதான் தாமதம், செய்திகள் கொட்டின. விதானையார் வாட்ஸ்அப்பில் எடுத்த அழைப்புகளும் இருந்தன. “பிள்ளையள், வான்கதவு துறக்கப் போறாங்க. வட்டையில நிக்கிற ஆக்கள உடனே வெளிய வரச் சொல்லுங்க.” அதற்குக் கீழே வீட்டுக்கு வீடு ‘சொல்லியாச்சு’. கடைசியில் மறுபடியும் அவர் குரல்: “மூலை வாடிக்குச் சொல்லியாச்சா? தங்கச்சி, ஏன் பதில் இல்ல?”

மூலை வாடி எங்களுடையது.

கணவருக்குப் போன் எடுத்தேன். தொடர்புகொள்ள முடியாது என்றது. திரும்பத் திரும்ப எடுத்தேன், அதே பதில். செருப்பும் போடாமல் வயல் ரோட்டில் ஓடினேன். மதகடியில் தண்ணீர் ரோட்டைக் கடந்து ஓடிக்கொண்டிருந்தது. அங்கே நின்ற ஆட்கள் என்னைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். தூரத்தில் பச்சையாகத் தெரிய வேண்டிய வட்டை வெள்ளையாகக் கிடந்தது. நான் பயந்திருக்கிறேன், எத்தனையோ தடவை. ஆனால் என் கையால்தான் இது நடந்தது என்ற பயம் வேறு. அழக்கூட வரவில்லை.

தெரியாத இலக்கம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. எடுக்கவே பயமாக இருந்தது.

“தங்கச்சி, பயப்புடாதீங்க. உங்கட ஆள் எங்கிட உழவு மிஷின்ல இரிக்காரு. மேட்டுப் பக்கத்தால சுத்தி வாறம்.”

அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

பொழுது சாய்கிற நேரம் அந்த உழவு மெஷின், டிராக்டர், வந்தது. ஓட்டி வந்தவர் ஏறாவூர்க்காரர், நாங்கள் காக்கா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன். எங்கள் வட்டையில் வயல் குத்தகைக்குச் செய்பவர், நான் அதுவரை முகம் பார்த்ததில்லை. என் கணவர் இடுப்புவரை சேறும் தண்ணீருமாக இறங்கினார். போன் வெள்ளத்தில் போய்விட்டது என்றார். பிறகு கோபமே இல்லாமல் கேட்டார்.

“ஏன் புள்ள எனக்குப் போன் எடுக்கல? வாய்க்கால் இரையிற சத்தம் கேட்டதுதான். நீ எடுக்கல்லயே, அப்ப ஒண்டுமில்ல எண்டு கிடந்திட்டன். முழிச்சுப் பாத்தா பாய் மிதக்குது.”

அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. ஏறாவூர்க் காக்காவிடம், எங்கள் ஆள் உள்ளே இருப்பது எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவர் கூச்சப்பட்டுச் சிரித்தார்.

“தெரியாது தங்கச்சி. எல்லா வீடும் சொல்லியாச்சு போட்டாங்க, உங்கட வீட்டால மட்டும் சத்தம் இல்ல. உங்கட ஆள்ர நம்பரும் தெரியா. மனசு கேக்கல, மிஷினத் திருப்பினன்.”

அந்த முறை பயிர் பாதிக்கு மேல் அழிந்தது. அது எங்களுக்குப் பெரிதாகவே படவில்லை. விபிஎன்னை நான் குறை சொல்ல மாட்டேன், விளங்கிக்கொள்ளாமல் தட்டியது நான்தான். ஆனால் அன்றிலிருந்து குழுவில் ஏதாவது ஒரு வீடு பதில் போடாவிட்டால் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. அங்கே யாரோ ஒருவர், சேதி வரவில்லை, அதனால் பயமில்லை என்று நம்பிப் படுத்திருப்பாரோ என்று நெஞ்சு பதறி, உடனே போன் எடுத்துவிடுகிறேன்.