உப்புத் தண்ணீரில் திரிந்த முதல் டிரம்

மதுரைக்குப் பக்கத்தில் பரவையில், தண்ணீரில் கலக்கும் பெயிண்டுக்கு ஆலை கட்டியவன் நான். அதற்கு முன்னால் பழங்காநத்தத்தில் வெள்ளையடிக்கும் ஆட்களைச் சேர்த்து வேலை எடுத்து நடத்தியவன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மில் கூரைத் தகடு, அரிசி ஆலைச் சுவர், கல்யாண மண்டபத்து மொட்டைமாடி என்று மதுரையைச் சுற்றி எங்கள் பெயிண்ட் ஏறாத பக்கம் குறைவு. கடன் கேட்டுப் போனபோது "படிப்பு என்ன?" என்று கேட்டுச் சிரித்த பேங்க்காரர் வீட்டுச் சுவரிலும் இன்று அதுதான். பெருமையடிக்கிறேன் என்பீர்கள். ஆமாம், பெருமைதான்.

இதில் பாதி என் அக்கா. அவரது முதலாம் ஆண்டு நினைவு மலருக்கு இதை எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது எழுமலையில். அப்பா மானாவாரி விவசாயி. பெண்ணுக்கு எதற்குப் படிப்பு என்று சொந்தக்காரர்கள் கேட்டும், அக்கா கல்லூரியில் வேதியியல் முடித்தார். வெளியூர் பெயிண்ட் கம்பெனி ஒன்றின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தார். அத்தான் காலமானதும் கைக்குழந்தையோடு மதுரைக்கு வந்தவரிடம், "நீ கலக்குக்கா, நான் வித்துக் காட்டுறேன்" என்றேன்.

எங்கள் தொழிலுக்கு உயிர் லேடெக்ஸ். பால் போல இருக்கும். மரத்தில் வடிவதல்ல, ஆலையில் செய்வது. அக்கா எனக்கு விளக்கியது இப்படி: "தண்ணிக்குள்ள கண்ணுக்குத் தெரியாத குருணை மிதக்குதுடா. தண்ணி காஞ்சதும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டித் தோலாயிரும். அந்தத் தோலுதான் கலரைப் புடிச்சு வைக்கும்."

பரவையில் ஒரு ஷெட் போட்டு, அங்கிருந்த ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் கலக்கினோம். முதல் டிரம் எலுமிச்சை பிழிந்த பாலாகத் திரிந்தது. லேடெக்ஸ் சரியில்லை என்று அக்கா வேறு வரவழைத்தார். அதுவும் திரிந்தது. மில்காரர் கூரைக்குப் பெயிண்ட் கேட்டு நின்றார். மூன்றாவதும் போனால் ஷெட்டை மூட வேண்டியதுதான்.

நான் அந்தக் கிணற்றுத் தண்ணீரை ஒரு கை அள்ளி வாயில் வைத்தேன்.

"அக்கா, இந்தத் தண்ணியில பருப்பே வேகாது. உன் குருணை எப்படி நிக்கும்?"

"கிறுக்குப்பயலே, பெயிண்ட் என்ன சாம்பாரா?"

"நீ படிச்சவ. நான் ருசிச்சுப் பாத்தவன்."

சைக்கிளில் இரண்டு குடம் நல்ல தண்ணீர் கொண்டுவந்தேன். திரியவில்லை. பழைய கம்பெனியில் சுத்தம் செய்த தண்ணீரே குழாயில் வருமாம். அதனால் அக்காவுக்குத் தண்ணீர்மேல் சந்தேகமே வரவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "தண்ணியில கால்சியம் உப்புடா" என்றார், என்னவோ தாமே கண்டுபிடித்த மாதிரி. பிறகு எவ்வளவு உப்பு வரை தாங்கும் என்று நோட்டு நோட்டாக எழுதிச் சோதித்தது அவர்தான். அந்தப் பொறுமை எனக்கு ஏது?

கடைசி நாட்களில் இருதயம் தளர்ந்து ஆஸ்பத்திரியில் இருந்தார். புதுப் பெயிண்ட் அடித்த தகட்டுத் துண்டு ஒன்றைக் கொண்டுபோனேன். நகத்தால் சுரண்டினார்.

"முதல் கோட்டு காயுறதுக்குள்ள ரெண்டாவதை அடிச்சிட்டேல்ல?"

"இல்லக்கா."

"பொய் சொல்லாத. உரிஞ்சு வருது பாரு."

அவர் சொன்னது சரி. அதுதான் எங்கள் கடைசிப் பேச்சு.

அக்காவைத் தாயைப் போலப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், துக்க நாட்களில் எங்களுக்குச் சோறு சமைத்துக் கொடுத்த தெருக்காரர்களுக்கும், ஒருநாளும் வேலையை நிறுத்தாத ஆலைத் தொழிலாளர்களுக்கும் கைகூப்புகிறேன்.

ஒன்று பாக்கி இருக்கிறது. ஆலை வாசலில் அக்காவுக்கு நினைவுக்கல் வைக்கிறோம். இப்போது ஆலையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா மகள், கல்லில் வெட்டப்போகும் வாசகத்தைக் காட்டினாள். 'தண்ணீரின் குறையைக் கண்டறிந்து இந்த ஆலையைக் காத்தவர்' என்றிருந்தது.

"அது நான்ல?"

"மாமா, அம்மாதானே கெமிஸ்ட்?"

"கெமிஸ்ட்ரி உங்கம்மாவோடது. நாக்கு என்னுது."

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். சொந்தங்கள் எல்லார் கையிலும் போகிற மலர் இது என்பதால் இங்கேயே கேட்டுவிடுகிறேன். கல் இன்னும் வெட்டவில்லை. தண்ணீரைச் சொன்னவன் தம்பி என்று அதில் ஏற வேண்டும். எழுத்து சின்னதாக இருக்கட்டும். எனக்கென்று தனிக்கல் எந்தக் காலத்திலும் வேண்டாம். அதே கல்லில், அக்கா பெயருக்கு அடுத்த வரியில் என் பெயர்.