அக்கா வீட்டு டிஷ்

கம்பெனியில் அவருக்கு ‘இன்னொருசுத்து’ என்று பெயர். நாற்பத்தாறு வயது, பதினான்கு வருடமாகக் கூரை ஏறும் வேலை. அதற்கு முன் உயரமான கட்டடங்களுக்கு வெளிப்பூச்சு அடித்தவர் என்பதால் கீழே பார்த்தால் தலை சுற்றாது. கேபிள் இழுத்துக் கட்டுப்படியாகாத கடைக்கோடி வீடுகளுக்கு இணையம் கொடுப்பது கம்பெனியின் தொழில். மேட்டில் ஒரு கோபுரம், வீட்டுக் கூரையில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு டிஷ். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துவிட்டால் நடுவில் கம்பியே வேண்டாம்.

பார்ப்பதில்தான் சூட்சுமம். டிஷ்ஷுக்கு நேர்ப்பார்வை ஒன்று, இருபுறமும் ஓரப்பார்வை. ஓரப்பார்வையில் கோபுரம் பட்டாலும் சிக்னல் வரும். வெயில் நாளில் வீட்டுக்காரருக்கு வித்தியாசமே தெரியாது. பெருமழை வந்தால் காலை வாரிவிடும். அதனால் சிக்னல் கிடைத்ததும் நட்டை முடுக்கிவிடக் கூடாது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை டிஷ்ஷைத் திருப்பி, சிக்னல் எங்கெங்கே ஏறுகிறது, எங்கே விழுகிறது என்று பார்த்து, உச்சத்தில் நிறுத்த வேண்டும். மற்றவர்கள் இறங்கத் தயாரானாலும் இவர் “இன்னொரு சுத்து பார்த்துடலாம்” என்பார். பெயர் அப்படி ஒட்டியது.

“பொண்ணு பார்க்கப் போனப்பவும் இப்படித்தான் தெரு முழுக்கச் சுத்திப் பார்த்தீங்களாண்ணே?” என்று வண்டி ஓட்டுநர் கிண்டுவார்.

“பார்த்திருந்தா உங்க அண்ணி தப்பிச்சிருப்பா. பேசாம வண்டிய எடு.”

அப்படிப்பட்டவர் அந்தச் சுற்றைப் பார்க்காமல் விட்டது ஒரே ஒரு வீட்டில்.

படுக்கையில் விழுந்த அம்மாவை அக்காதான் வைத்துப் பார்த்துக்கொண்டார். சரிவில் ஒட்டிக்கொண்டிருந்த அந்த வீட்டுக்குக் கைபேசி சிக்னலும் எட்டாது. வெளிநாட்டில் இருக்கும் தம்பியோடு அம்மா முகம் பார்த்துப் பேசட்டும் என்று, கோடையில் இவரே டிஷ் கொண்டுபோய் மாட்டினார். அதன் முதுகில் ஐந்து பச்சை விளக்குகள். திருப்பியதும் மூன்று எரிந்தன. கீழேயிருந்து அம்மா, “ஏறினவன் இறங்க மாட்டானா? சாப்பாடு ஆறுதுன்னு சொல்லு” என்று அக்காவை விரட்டிக்கொண்டிருந்தார். மூன்று போதும், நம்ம வீடுதானே, அடுத்த வாரம் வந்து சரியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று முடுக்கிவிட்டு இறங்கினார். அக்காவின் போன் திரையில் தம்பியின் முகம் வந்தது. அம்மா திரையைத் தடவி, “எளச்சுட்டானே” என்றார்.

அடுத்த வாரம் ஆறு மாதமானது. மழை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. டிஷ்ஷின் ஞாபகமும் அவருக்கு வரவில்லை.

முதல் பெருமழை ஒரு மத்தியானம் பிடித்தது. ஊரின் மறுகோடியில் வேறொரு வீட்டின் கூரைக்கடியில் ஒதுங்கி நின்றபோது அக்கா கூப்பிட்டார். சிக்னல் கிடைக்கும் சாலை வளைவுவரை நனைந்துகொண்டே ஓடி வந்திருக்கிறார்.

“அம்மாவுக்கு மூச்சு வாங்குதுடா. டாக்டர் பார்த்துட்டு, பிள்ளைங்களைக் கூப்பிடுங்கன்னுட்டார். சின்னவன் முகத்தக் காட்டு, காட்டுங்கறாங்க. வீட்ல அவன் லைன்ல வர்றான், ஆனா படம் உறைஞ்சு நிக்குது. போனத் தூக்கிட்டு இங்க வந்துட்டேன், அம்மாவத் தூக்கிட்டு வர முடியுமா?”

“மழைதான்கா. கொஞ்சம் விட்டதும் தானா வந்துரும். நான் கிளம்பிட்டேன்.”

மழை விடவில்லை. அவர் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்து. அம்மா போய் இருபது நிமிடம் ஆகியிருந்தது. திரையில் நெற்றியும் ஒரு கண்ணுமாகத் தம்பி உறைந்து நின்றான். “கடைசிவரைக்கும் இதத்தான் பார்த்துட்டு இருந்தாங்க” என்றார் அக்கா.

தம்பிக்கு விமானம் கிடைக்கவில்லை. மறுநாள் பத்து மணிக்கு அம்மாவை எடுப்பதென்று முடிவானது. அவன் அங்கிருந்தே பார்ப்பதாகச் சொன்னான். காலை எட்டு மணிக்கு இவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கூரை ஏறினார். மழை முகத்தில் அறைந்தது. ஒரு விளக்குதான் எரிந்தது, அதுவும் விட்டுவிட்டு. நட்டைத் தளர்த்தி டிஷ்ஷை இடப்பக்கம் நகர்த்தினார். விளக்கு அணைந்தது. இன்னும் கொஞ்சம், கட்டைவிரல் அகலம். ஐந்தும் எரிந்தன.

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு நட்டை முடுக்கிவிட்டு இறங்கினார்.

அறையில், போன் திரையில் தம்பி கண்ணாடியில் தெரிவதுபோல் தெரிந்தான். மூன்று நாள் தாடி, வீங்கிய கண்.

“இப்ப நல்லாத் தெரியுதுண்ணா. மழை விட்டுடுச்சா?”

“எங்க விட்டுச்சு, நேத்தவிடக் கொட்டுது” என்ற அக்கா, சொல்லிக்கொண்டே திரையைப் பார்த்தார். பிறகு இவர் கையிலிருந்த ஸ்பேனரை.

கோளாறு கோபுரத்தில் என்று அவர் சொல்லியிருக்கலாம். யாரும் தோண்டிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

“மழை இல்லக்கா. மாட்டினப்பவே நான் கோணலா வெச்சுட்டேன். ஒரு சுத்து திருப்பிப் பார்த்திருக்கணும். பார்க்கல.”

அக்கா அம்மாவின் போர்வை நுனியைச் சரிசெய்தார். சரியாக இருந்ததையே மறுபடி சரிசெய்தார். திரையில் தம்பி அசையவில்லை. படம் உறைந்துவிட்டதோ என்று அவர் கூரை ஏறி விளக்கைப் பார்க்க எழுந்தார். அதற்குள் தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“அண்ணா, போனக் கொஞ்சம் கிட்டக் கொண்டு போ. அம்மா முகம் தெரியட்டும்.”

அவர் குனிந்து, படம் ஆடாமல் இருக்க முழங்கையைக் கட்டில் விளிம்பில் ஊன்றி, போனைப் பிடித்தார். அம்மாவை எடுக்க வண்டி வரும்வரை பிடித்துக்கொண்டே இருந்தார்.