ஜெபா காதால் தேர்ந்தெடுத்த கருப்புத் திரை

கம்பெனி பஸ் படப்பையைத் தாண்டும்போது கைபேசியில் செய்தி வந்தது. மண்ணூர் ஜெபா இறந்துவிட்டார். சிறுநீரகம் பழுதாகி, பல மாதங்களாக ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக இருந்தவர். பக்கத்தில் இருந்த சக ஊழியர், "நேத்து சாயங்காலம் கூட ஒரு டவுட் கேட்டு அனுப்பியிருந்தாங்க சார். நான் இன்னும் பதில் போடல" என்றார்.

ஒரகடம் தொழிற்சாலையில், கார் பாகங்களைச் சோதிக்கும் இயந்திரங்களுக்கு மென்பொருள் எழுதும் எங்கள் ஐந்து பேரில் ஜெபாவும் ஒருவர். உற்பத்தி லைனில் ஷிப்ட் பார்த்துக்கொண்டே படித்து எங்கள் அறைக்கு வந்தவர். எனக்கும் அவருக்கும் ஒரே வயது. சின்ன வயதிலேயே வந்த சர்க்கரை நோய் முதலில் அவர் கண்ணைத்தான் பிடித்தது. திரையில் சுட்டியால் அழுத்த வேண்டிய சின்னப் படங்கள் தெரியாமல் போயின. அவரை வரவேற்பறைக்கு மாற்றிவிடலாம் என்றார் மேலாளர். ஜெபா ஒரு வாரம் அவகாசம் கேட்டார்.

படங்களே இல்லாமல், கட்டளைகளை எழுத்தில் தட்டி வேலை வாங்கும் கருப்புத் திரை ஒன்று எல்லாக் கணினியிலும் உண்டு. அதில் எந்த வகை தனக்கு ஒத்துவரும் என்று பார்க்கத்தான் அந்த வாரம். விண்டோஸின் பழைய திரை, அதன் புதிய திரை, விண்டோஸுக்குள்ளேயே ஓடும் லினக்ஸ். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருளைப் போட்டு, காதில் இயர்போன் மாட்டி, ஒரே வேலையை மூன்றிலும் செய்து பார்த்தார்.

"நீங்க இன்னாத்துக்கு லினக்ஸ் வச்சிக்கினு கீறீங்க?" என்று என்னைக் கேட்டார்.

"காலேஜ்ல கூடப் படிச்சவன் வச்சிருந்தான். அப்படியே பழகிடுச்சு" என்றேன்.

"அது பழக்கம். நான் காரணம் கேட்டேன்."

கேலி இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பினார். என் திரையை நான் அம்புக்குறி, நேரம், வண்ணம் என்று அலங்கரித்து வைத்திருந்தேன். என் கணினியிலும் அந்த மென்பொருளைப் போட்டு, இயர்போனை என்னிடம் கொடுத்தார். ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் அந்தக் குரல் என் அலங்காரம் முழுவதையும் ஒப்பித்தது. நானே பொறுமை இழந்தேன். பாகம் சோதனையில் தோற்றதா என்பது மட்டும் குரலில் வரவில்லை. அதைச் சிவப்பு நிறத்தில் காட்டும்படி எழுதியிருந்தோம்.

"செவப்ப யாரு படிச்சிக் காட்டுவாங்க?" என்றார் ஜெபா.

அன்றே அதை எழுத்திலும் சொல்லும்படி மாற்றினோம்.

கடைசியில் அவர் எடுத்துக்கொண்டது லினக்ஸைத்தான், அலங்காரம் எல்லாவற்றையும் உரித்துவிட்டு. "லைன்ல கீற மிஷின்லயும் இதான் ஓடுது. இங்க கேக்கறதும் அங்க கேக்கறதும் ஒண்ணா இருக்கணும்" என்றார். மேலாளர் இன்னும் சில வாரம் பார்க்கலாம் என்று இழுத்தார்.

அந்த வாரங்களுக்குள்ளேயே ஒரு நாள் காலை லைன் நின்றது. கோப்பு இல்லை என்றது சோதனை இயந்திரம். கோப்போ எங்கள் கண்ணெதிரே இருந்தது. நான்கு பேர் மாறி மாறிப் பார்த்தோம். சூப்பர்வைசர் பின்னாலேயே நின்றார். ஜெபா நாற்காலியை இழுத்துப்போட்டு, கோப்பின் பெயரை இயர்போனில் ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டார். முடிவில் நிறுத்தினார்.

"கடைசில ஒரு ஸ்பேஸ் கீது."

கண்ணுக்குத் தெரியாத ஒரு வெற்றிடம். அதை எடுத்ததும் லைன் ஓடியது. வரவேற்பறைப் பேச்சு அதன்பிறகு எழவில்லை. இன்னும் மூன்று ஆண்டுகள் எங்களோடு எழுதினார்.

அவர் திரையின் அமைப்புக் கோப்பை என் கணினியில் நகலெடுத்து வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், அது ஏன் இருக்கிறது என்று ஆங்கில எழுத்தில் தமிழாக எழுதியிருக்கிறார். ஒரு வரிக்கு மட்டும் இப்படி: "ஏன்னு தெர்ல. எடுத்தா வாய்ஸ் நின்னுடுது. பாக்கணும்."

இந்த வாரம் அதைப் பார்க்க உட்கார்ந்திருக்கிறேன். எனக்கும் இன்னும் தெரியவில்லை.