எட்டுச்செலவும் மாம்பழ ஆவியும்

காலையில் பத்திரிகை எடுக்கக் கீழே இறங்கினால் எங்கள் கட்டடத்து லிஃப்ட்டுக்குள் மாம்பழம் மணக்கிறது. வெளியே பனி முழங்கால் உயரத்துக்குக் கிடக்கிறது. ஒஸ்லோவில் இந்த மாதத்தில் பழுத்த மாம்பழம் தேடுவது வீண்வேலை. நாலாம் மாடியில் இருக்கும் தாடிக்கார நோர்வேஜியர் வேலைக்குப் போகும் வழியில் ஊதிவிட்டுப் போகும் மின்சிகரெட்டின் ஆவி அது. மாம்பழத்தை ஒருநாளும் கடித்துப் பார்க்காத ஒருவர் மாம்பழத்தைப் பற்றிச் சொன்ன பொய்போல மணக்கும். ஐம்பது வயது கடந்த ஆண்பிள்ளை மிட்டாய்க்கடை மாதிரி மணப்பதை என்னால் சகிக்க முடிவதில்லை. மின்சிகரெட்டில் புகையிலைச் சுவை தவிர வேறு வாசனை எதையும் இந்நாட்டில் விற்கக்கூடாது என்று சட்டமும் வந்தாயிற்று. ஆகவே எங்கள் லிஃப்ட்டில் மணப்பது சட்டவிரோத மாம்பழம். நகராட்சி அலுவலகமொன்றில் விண்ணப்பங்களுக்கு மறுப்பும் அனுமதியும் எழுதியே ஓய்வுபெற்றவன் நான். எங்கள் ஆட்களுக்கு வாடகைவீட்டு முன்பணம் தொடங்கிச் சாம்பலைக் கடலில் கரைக்க அனுமதி எடுப்பது வரை எது தேவையென்றாலும் எனக்குத்தான் தொலைபேசி வரும். நாலாம் மாடிக்காரரைப் பற்றி எங்கே முறையிடலாம் என்பதும் தெரியும். செய்யவில்லை. அதே மாம்பழ ஆவியை நானும் இரண்டு வருடம் ஊதியவன்.

எனக்குத் துணையாக ஊதியவர் செல்வராசா. சரியாகச் சொன்னால், அவருக்குத் துணையாக நான் ஊதினேன். அவர் இப்போது இல்லை. தகனம் முடிந்த மறுநாள் அவருடைய மனைவி மலர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். எட்டுச்செலவுக்கு இலையில் என்ன வைப்பது என்பதில் தாய்க்கும் மகனுக்கும் சண்டை. எட்டுச்செலவு என்றால் வாசகருக்குத் தெரியும்: இறந்தவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைக்கும் நாள். குடித்தவருக்குச் சாராயம் வைப்போம், புகைத்தவருக்குச் சுருட்டு. இறந்து எட்டாம் நாளில் அதைச் செய்ய நோர்வே விடாது. இங்கே அந்நேரம் உடல் குளிரறையில் தன் முறைக்குக் காத்துக் கிடக்கும். எனவே எங்கள் ஆட்கள் தகனத்திலிருந்து எண்ணப் பழகிக்கொண்டார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை; எழுதாமலே நடைமுறைக்கு வந்துவிட்ட ஒரே சட்டம் அது.

"அண்ணை, உங்களுக்குத்தானே எல்லா ஒழுங்கும் தெரியும். இவருக்கு என்னத்தை வைக்கிறது? பிரதீஸ் அந்த ஊதுற மெசினைத்தான் வைப்பன் எண்டு நிக்கிறான்" என்றார் மலர்.

"நீங்கள் என்ன நினைக்கிறியள்?"

"நான் நினைக்கிறதை ஆர் கேக்கினம்? அந்தப் புகையிலைதானே, அம்மா, அப்பாவைத் திண்டது, அதைக் கொண்டுவந்து இலையில வைக்கப்போறியளோ எண்டு கத்துறான். ரண்டு வருசம் அந்த மனுசன் வாய்க்குப் பிடிக்காததை ஊதிக்கொண்டு திரிஞ்சுது அண்ணை. போகேக்கை எண்டாலும் ஒரு சுத்தினதைக் குடுத்து அனுப்பவேணும். இல்லாட்டி எனக்கு மனம் ஆறாது."

சுற்றினது என்றால், தாளில் தூளைப் பரப்பிக் கையால் சுருட்டும் சிகரெட். அதை நாங்கள் இருவரும் கற்றுக்கொண்டது வடநோர்வேயில், ஹம்மர்பெஸ்ட்டில். அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வருமுன்னே எங்களை மீன் தொழிற்சாலை எடுத்துக்கொண்டது. வரிசையில் நின்று மீன் துண்டு போடும்போது குளிரில் விரல்கள் இருக்கின்றனவா என்று கண்ணால்தான் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே இடையில் ஓய்வு கிடைத்தது புகைப்பவர்களுக்கு மட்டும். ரொய்க்பௌசெ, அதாவது புகை இடைவேளை என்று மேற்பார்வையாளர் கூவினால் பாதிப் பேர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஹீற்றர் உள்ள சிறிய அறைக்குள் போவார்கள். மற்றவர்கள் தொடர்ந்து வெட்டவேண்டும். நல்ல பிள்ளைகளாக நாங்கள் முதல் மாதம் முழுக்க வெட்டினோம். பிறகு செல்வராசா சொன்னார்: "ஐசே, இந்த நாட்டில நல்ல பழக்கம் வைச்சிருந்தா விரல் போயிடும். வாரும், பத்துவம்."

அப்படித்தான் பற்றினோம். எங்களுக்கு நோர்வேஜிய மொழி வந்ததும் அந்த அறைக்குள்தான். வரிசையில் நிற்கும்போது எங்களைத் திரும்பியும் பாராத மனிதர்கள் வாயில் சிகரெட் இருந்தால் கதைத்தார்கள். ஒரு நோர்வேஜியர் தானாக என்னிடம் கேட்ட முதல் கேள்வி "நெருப்பு இருக்கிறதா?" என்பது. அந்த அறையை அழகுபடுத்த நான் விரும்பவில்லை. சுவரில் மஞ்சள் பிசின் வடியும். தரையில் மீன் செதிலும் சளியும் சாம்பலும் ஒன்றாகக் காயும். இரவு துப்பினால் கறுப்பாக வரும். இருந்தாலும், அங்கே ஒருவருக்கு ஒருவர் தேவைப்பட்டோம். தாள் ஒருவரிடம், தூள் ஒருவரிடம், நெருப்பு வேறொருவரிடம்.

ஒஸ்லோவுக்கு வந்து, வீடு வாங்கி, பிள்ளை வளர்த்து, கடைசியில் செல்வராசா மாடிப்படி ஏற முடியாமல் சுவரைப் பிடிக்கத் தொடங்கியபோது குடும்ப வைத்தியர் சுவாசப்பைப் படத்தைக் காட்டினார். பிரதீஸ் அன்றைக்கே இரண்டு மின்சிகரெட் கருவிகளோடு என் வீட்டுக்கு வந்தான். ஒன்று தகப்பனுக்கு, மற்றது எனக்கு. "மாமா, நீங்களும் விட்டாத்தான் அப்பா விடுவார்" என்றான். பிள்ளை சரியாகத்தான் கணக்குப் போட்டிருந்தான். நிக்கொட்டின் கலந்த திரவத்தை நோர்வேயில் விற்கமுடியாது, சொந்தப் பாவனைக்கு வெளியிலிருந்து கொண்டுவரலாம் என்ற காலம் அது. மற்றவர்கள் மலிவு இறைச்சிக்கு எல்லை கடந்து சுவீடன் போகும் வரிசையில் நாங்களும் காரில் போய் மாம்பழ வாசனைத் திரவம், எங்கள் பேச்சில் மாம்பழச் சாறு, வாங்கிவந்தோம். விதியைச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

அந்தக் கருவியைப் பற்றி மரியாதையாக எழுத வரவில்லை. உறிஞ்சும் முனையில் எப்போதும் ஓர் ஈரம் இருக்கும். அது என் எச்சிலா அதன் எச்சிலா என்று தெரியாது. சட்டைப்பைக்குள் கசிந்து, இருமல் பாணி கொட்டியதுபோல மார்பில் ஒட்டும். உள்ளே இருக்கும் பஞ்சு கருகினால் எரிந்த சீனி தொண்டையில் இறங்கும். அதன் பிறகு குடிக்கும் தேநீரும் தின்னும் மீன்குழம்பும் எல்லாம் அதே போலி மாம்பழம். இரவில் தொலைபேசிக்குப் பக்கத்தில் அதையும் மின்சாரத்தில் மாட்டிவிட்டுப் படுக்கவேண்டும். என் கெட்ட பழக்கத்துக்கு நானே மின்சாரம் ஊட்டுவதைப் பார்க்க எனக்கே குமட்டியது. யாரும் யாரிடமும் நெருப்புக் கேட்பதில்லை. ஒன்றை இரண்டுபேர் மாற்றிப் பிடிக்கவும் முடியாது. செல்வராசாவும் நானும் ஒரே வாங்குப் பலகையில், ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு, பால்போத்தல் சூப்பும் குழந்தைகள்போல இருந்தோம். "ஐசே, இது என்ன, மழைக்காலக் கண்ணாடி மாதிரி வாய்க்குள்ள வேர்க்குது" என்பார். சொல்லிவிட்டு மறுபடி உறிஞ்சுவார். மகனுக்குக் கொடுத்த வாக்கு. புகையிலையை அவர் பிறகு தொடவேயில்லை. சுவாசப்பை அதற்காக ஒன்றும் நன்றி சொல்லவில்லை.

தகனத்தன்று மண்டப வாசலில் எங்கள் ஆட்கள் கூட்டமாக நின்று ஸ்ட்ரோபெரி, புதினா, தர்ப்பூசணி ஊதினார்கள். செத்தவீடு சர்பத் கடையாக மணத்தது. வீடு திரும்பியதும் என் கருவியை மின்கழிவுப் பெட்டியில், பற்றரியைத் தனியாகக் கழற்றி, முறைப்படி போட்டேன். புகையிலைக்கும் திரும்பவில்லை. இரண்டுமே அலுத்துவிட்டன.

ஆனாலும் மலர் கேட்டதற்காக, ஒரு பொட்டலம் தூளும் தாளும் வாங்கக் கடைக்குப் போனேன். இங்கே சிகரெட்டை மூடிய அலுமாரித் தட்டுக்குள் வைத்திருப்பார்கள், கேட்டால்தான் திறப்பார்கள். காசுமேசையில் இருந்த இளம்பெண் எடுத்துத் தந்தபோது, என்னைப் புகைகாரன் என்று நினைத்துவிடுவாளே என்ற வீண் மானத்தில், "இது எனக்கில்லை" என்று சொல்லிவிட்டேன். அவளுடைய கை நின்றது.

"யாருக்கு?"

"ஒரு நண்பருக்கு."

"அவருக்குப் பதினெட்டு வயது ஆகிவிட்டதா?"

"எழுபத்தொன்று. இறந்துவிட்டார்."

அவள் என்னையும் பொட்டலத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அனுதாபம் தெரிவித்தாள். பிறகு மிகுந்த பரிவோடு, "அப்படியென்றால் அவருக்கு இது தேவைப்படாதே?" என்றாள். நான் அலுவலகத்தில் இருந்தபோது இப்படியொரு விண்ணப்பம் வந்திருந்தால் இதே பதிலைத்தான் எழுதியிருப்பேன். விளக்கம் சொல்ல எனக்கு மொழி இருந்தது, மனம் வரவில்லை. காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

எட்டுச்செலவு ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் லோறென்ஸ்கூக்கில் இருக்கும் பிரதீஸின் வீட்டில் நடந்தது. ஆட்கள் அதிகமில்லை, மலரும் பிரதீஸும் நானும்தான். குத்துவிளக்குக்குப் பக்கத்தில் படம். தமிழ்க்கடையில் உறையவைத்து விற்கும் வாழையிலையில் சோறு, நண்டுக்குழம்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, பொரித்த மீன்தலை, ஒரு கிளாஸில் சாராயம், அவர் பாணோடு மறைத்து மறைத்துத் தின்னும் பழுப்புச் சீஸில் இரண்டு துண்டு. இலையின் வலதுகைப் பக்கம் மட்டும் வெறுமையாக இருந்தது. நான் பொட்டலத்தை மேசையில் வைத்ததும் பிரதீஸின் முகம் மாறியது.

"மாமா, அப்பாவைச் சுவாசப்பை பாக்கிற லுங்கெ டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு திரிஞ்சது ஆர்?"

"நீதான்."

"சனம் எல்லாம், இந்த வயசில ஏன்டா அந்த மனுசனை வதைக்கிறாய் எண்டு கேட்டது. நான் விடேல்லை. அவர் விட்டிட்டார் மாமா. கடைசி வரைக்கும் தொடேல்லை. அந்தாள் வாழ்க்கையில எனக்காகச் செய்த ஒண்டு அதுதான். அதையும் இண்டைக்கு இல்லாமல் செய்யப்போறியளா?"

நான் பொட்டலத்தைத் திறக்காமல் என் பக்கம் இழுத்துக்கொண்டேன். மலர் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு வெறுமையாக இருந்த அந்த இடத்தையே பார்த்தார். பிரதீஸ் உள்ளே போய்க் கருவியை எடுத்துவந்தான். துடைத்து, முழுமையாக மின்னேற்றி, மாம்பழச் சாறும் நிரப்பியிருந்தான். அதை அவன் பிடித்துவந்த விதத்தைப் பார்த்தபோது என் அருவருப்புக்குக் கொஞ்சம் வெட்கமாயிருந்தது. இலையின் வலப்பக்கத்தில் வைத்தான். பச்சை வெளிச்சம் எரிந்தது. சாம்பிராணி போட்டுக் கற்பூரம் கொளுத்தினோம். கும்பிட்டுக் கண்ணைத் திறந்தபோது பச்சை வெளிச்சம் தானாக அணைந்திருந்தது. சோற்றில் ஆவி பறந்தது, சாம்பிராணி புகைந்தது, அது மட்டும் தொலைந்துபோன பேனாபோலக் கிடந்தது.

"என்னடா இது, ஒண்டும் வரேல்லை?" என்றார் மலர்.

"இழுத்தாத்தான் அம்மா வரும்."

"ஆர் இழுக்கிறது?"

கேலி ஒன்றும் இல்லை அந்தக் கேள்வியில். உண்மையாகவே கேட்டார். பிரதீஸ் கருவியைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான். அவன் வாய் வைத்தால் படையல் எச்சிலாகிவிடும். வாய் வைக்காவிட்டால் அது ஒரு துளி ஆவியும் விடாது. ஊத உயிருள்ள ஒருவரின் மூச்சு வேண்டும். பிறகு இலைக்குக் கிட்டக் குனிந்து, அதை எடுத்துத் தன் காற்சட்டைப் பைக்குள் வைத்தான்.

"சுத்துங்கோ மாமா."

விரல் மறந்திருக்கும் என்று நினைத்தேன். மறக்கவில்லை. தாளின் பசையை நக்கி ஒட்டப்போன நேரம் மலர், "ஐயோ அண்ணை, எச்சில்!" என்றார். செம்புத் தண்ணீரில் விரலை நனைத்து ஒட்டினேன். அடுத்த சிக்கல் கூரையில் இருந்தது, புகை உணர்கருவி. அதைக் கழற்றலாமா என்று பிரதீஸ் கேட்டான். ஆள் இருக்கும் வீட்டில் அதைக் கழற்றக்கூடாது என்றேன். அலுவலகப் பழக்கம் விடாது. அதனால் இலையை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி, வராந்தாக் கதவடிக்குக் கொண்டுபோய் வைத்தோம்.

கற்பூரத்தில் பிடித்தபோது நுனி கருகி அணைந்தது. சுற்றிய சிகரெட் யாரும் இழுக்காவிட்டால் எரியாது. இன்னொரு தரமும் அணைந்தது. மலரின் கண் கலங்கத் தொடங்கியது. பிரதீஸ் வராந்தாக் கதவைத் தள்ளித் திறந்தான். பனிக்காற்று முகத்தில் அடித்தது. அவன் முழந்தாளிட்டு, வாழ்க்கையில் ஒருநாளும் சிகரெட் தொடாத விரல்களால் அதை நெருப்பில் பிடித்து, நுனியைக் காற்றுக்கு நேரே திருப்பினான். காற்று இழுத்தது. நுனி சிவந்து, மங்கி, மறுபடி சிவந்தது. யாரோ ஆறுதலாக இருந்து பிடிப்பதுபோலவே இருந்தது. கதவடியில் ஒரு சின்னத் தட்டில் வைத்தான்.

குளிர் தரையோடு உள்ளே வர, புகையும் அதோடு தாழ்ந்து உள்ளே வந்தது. நண்டுக்குழம்பையும் பழுப்புச் சீஸையும் தடவிக்கொண்டு படம்வரைக்கும் போனது. அங்கே வீட்டுச் சூட்டில் மேலெழுந்து, கதவின் மேற்பக்கத்தால் மறுபடி பனிக்குள் போனது. ஒரே கதவால் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தது. மின்சாரக் கட்டணத்துக்குப் பயந்து சாளரம் திறக்கவே விடாத பிரதீஸ் அசையாமல் முழங்காலில் இருந்தான்.

"குளிருதடா, கதவைச் சாத்து" என்றார் மலர்.

"பொறுங்கோ அம்மா. அப்பா இன்னும் முடிக்கேல்லை."